கிசுகிசுத்துக் கெடுத்துக்கொண்ட குரல்

தொண்டை கட்டினால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். நாள் முழுக்க வகுப்பில் கத்துகிறவளுக்கு இது புதிதா என்ன? மூன்றாவது வாரம், முதல் வரிசைப் பிள்ளையே "மிஸ், கேக்கல" என்றதும் டாக்டரிடம் போனேன். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், மாத்திரை எழுதினார். "பேசணும்னா ரகசியம் பேசற மாதிரி பேசுங்க" என்றார்.

டார்ச் வெளிச்சம் குரல் நாண் வரைக்கும் போகவே போகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கிசுகிசுத்தேன். இருந்த கொஞ்சக் குரலும் போச்சு. கிசுகிசுக்கும்போது பலரும் தொண்டையை இறுக்கிக்கொள்கிறோமாம்; அது ஓய்வே இல்லை.

அடுத்து காது மூக்கு தொண்டை மருத்துவர். மூக்கு வழியே கேமரா, சில நிமிட வேலை. 'நாண்கள் இரண்டும் நன்றாக அசைகின்றன' என்று ஒரு வரி ரிப்போர்ட். அதை வாங்கிக்கொண்டு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனால், "வீடியோ எங்கே? ஸ்ட்ரோப் போட்டாங்களா?" என்கிறார். விடுப்பு போட்டுவிட்டுத் திரும்பப் போய்க் கேட்டேன். வீடியோவைச் சேமிக்கவே இல்லையாம். கோபத்தில் கத்தக்கூட முடியவில்லை!

ஸ்ட்ரோப் ஏன் என்றால், பெண் குரலில் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதிப் பிரிகின்றன. சாதாரண வெளிச்சத்தில் வெறும் மங்கல்தான் தெரியும். ஸ்ட்ரோப் விளக்கு அந்த வேகத்துக்குச் சற்றே பிசகி மின்னுவதால் அதிர்வு நிதானமாக நடப்பதுபோல் தெரிகிறது. அப்படி ஸ்ட்ரோப் போட்டு மறுபடி எடுத்தபோது திரையில் நானே பார்த்தேன். இரண்டு விளிம்பிலும் நேருக்கு நேர் ஒரு வெள்ளை முடிச்சு. நாண்கள் மூடும்போது முடிச்சுகள் மட்டும் முட்டிக்கொள்ள, முன்னும் பின்னும் இடைவெளி, மணல் கடிகாரம் மாதிரி. காற்று அதில் கசிய, நான் இன்னும் அழுத்திப் பேச, மோதல் இன்னும் பலமாக. மோதல் அதிகம் விழும் இடத்தில்தான் இந்தக் காய்ப்பு வருமாம், மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவது போல. ஒரு வகுப்பில் 20 நிமிடம் குரல் ஒலித்தாலே 2,40,000 மோதல். கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோனேன்.

ஆபரேஷன் இல்லை, எட்டு வாரப் பயிற்சிதான். ஸ்ட்ராவைத் தண்ணீரில் முக்கி 'ஊ' என்று ஊத வேண்டும். எதிரழுத்தம் நாண்களைச் சற்று விலக்கிவைப்பதால் மோதல் மெத்தென்று விழுகிறது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கஷ்டப்பட்டது செருமலை விடத்தான். செருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். அந்தத் தண்ணீர் நாணைத் தொடாது, அது உணவுக்குழாயில் போகிறது. ஆனாலும் செருமாமல் தப்பிக்கலாம். வகுப்புக்குச் சின்ன மைக் வாங்கிவிட்டேன்.

கரகரப்பு நான்கு வாரத்தைத் தாண்டினால் குரல்வளையைக் கேமராவில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூச்சுத் திணறல், ரத்தம், புகைப்பழக்கம் ஏதாவது இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

போன வாரம் மறுபடி ஸ்ட்ரோப். ஒரு பக்கம் முடிச்சே இல்லை, மறுபக்கம் ஊசிமுனை அளவு. இந்தத் தடவை பென் டிரைவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.