தேவாலா தங்கச் சுரங்கம்

நேற்று நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து தேவாலா போயிருந்தோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெரணி மூடிய பழைய சுரங்க வாய். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித் 1880-இல் இந்தப் பக்கத்துத் தங்கத்தைப் பற்றி அறிக்கை கொடுக்க, லண்டனில் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. தங்கம் கலந்த குவார்ட்ஸ் கல்லை இடித்துப் பொடியாக்கி, பாதரசத்தில் சேர்த்துத் தங்கம் பிரித்தார்கள். செலவுக்குக் கட்டவில்லை, சில வருடங்களிலேயே பெரும்பாலும் மூடிவிட்டார்கள்.

உள்ளே போகவில்லை, மண் சரியும். வாசலில் நின்று டார்ச் அடித்தேன். பாறையில் விரல் நீளத்துக்கு உளித் தடங்கள், இன்னும் கூர்மையாக! எந்தக் கூலியாளின் கை அடித்ததோ. ரொம்ப நேரம் நகர மனசே வரவில்லை.

ஒரு பலகைகூட இல்லாததுதான் வருத்தம். சுற்றி ஒரு வேலி, அங்கே உழைத்தவர்களைப் பற்றி நாலு வரி, அது போதுமே. அப்புறம், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இந்தச் சுரங்கங்களைப் பற்றிச் சொல்லியிருந்தால் இங்கே எழுதுங்கள்.