இருபது வளைவு இறங்கி ஒரு நேர்த்திக்கடன்

நாலு வருஷமாக அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டது ஒன்றுதான். "எப்போ நடக்கப் போறே கண்ணு?" என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒன்றேகால் கிலோ எடையோடு, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் 38 நாள் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது அது. பிள்ளை உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் ஏற்காட்டிலிருந்து சேலம் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயம் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து போய் 1,001 ரூபாய் காணிக்கை போடுவது என்று. நடக்க வேண்டியது அம்மா இல்லை, நான். என்னைக் கேட்காமலே என் காலை நேர்ந்துவிட்டார்.

ஒருவழியாக இந்தத் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிவிட்டேன். அம்மாவும் மனைவியும் மகளும் மத்தியானம் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. என்கூட வந்தது மச்சினன். அவன் ஜெப சபைக்குப் போகிற பிள்ளை, நேர்ச்சை, மெழுகுவர்த்தி எதிலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. "இருட்டுல காட்டுமாடு நிக்கும் மாமா, அதுக்குத்தான் வர்றேன், நேர்ச்சைக்கு இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

பத்து நாளுக்கு முன் ஒரு பூ மழை பெய்திருந்தது. எஸ்டேட் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த மழைக்கு அப்புறம் காப்பிச் செடி முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், மல்லிகை மாதிரி வாசம், மூணு நாலு நாளில் பழுப்பாகிவிடும். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார், பிற்பாடு அந்தச் செடியை நம்பித்தான் எங்கள் தாத்தாவின் அப்பா மலை ஏறினார். அவர் ஞானஸ்நானம் வாங்கியபோது சேலம் தனி மறைமாவட்டமாகக்கூட ஆகவில்லை, அது 1930-ல்தான். இருட்டில் பூ தெரியவில்லை, வாசம் மட்டும் கூடவே வந்தது.

இறங்குவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலாவது கொண்டை ஊசி வளைவுக்குள்ளேயே முட்டி கெஞ்ச ஆரம்பித்துவிட்டது, இன்னும் பதினாறு இருக்கிறது. விடிந்ததும் டூரிஸ்ட் வண்டிகள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன், பைக்கில் வருகிறவர்களின் கூச்சல், குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறேன் என்று நடுரோட்டில் நிறுத்துகிற கார். ஒருத்தர் கண்ணாடியை இறக்கி "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டு, பதில் சொல்வதற்குள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மச்சினன் சும்மா வரவில்லை. "நேர்த்திக்கடன்னு பேரு வெச்சிருக்கீங்களே மாமா, ஆண்டவர் என்ன வட்டிக்காரரா? கிருபைன்னா சும்மா குடுக்கறது. சும்மா குடுத்ததுக்கு எப்படிக் கடன் அடைப்பீங்க?" எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் இன்றோடு பாக்கி தீர்ந்தது, இனி அம்மா கேட்கமாட்டார் என்ற கணக்கு என் மனதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடிவாரம் தாண்டியதும் வெயில். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து தார் ரோடு தோசைக்கல். கோரிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து, ஒரு கம்பங்கூழ் வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா ஒன்றும் கேட்கவில்லை. குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை என் கால்மேல் ஊற்றிவிட்டு, கூழும் மோர்மிளகாயும் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு ஐம்பது ரூபாய் நீட்டினேன். வேண்டாம் என்றார். நான் மறுபடி நீட்ட, முகமே மாறிவிட்டது. "நடந்து போற காலுக்குக் குடுத்தேன். காசு எடுத்து உள்ள வை சாமி." அவர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. மச்சினன் என்னைப் பார்த்தான், நல்லவேளை எதுவும் சொல்லவில்லை.

அஸ்தம்பட்டி, அப்புறம் நாலு ரோடு, எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணா பெருசு வாங்குங்க, பெருசா கேட்டா பெருசா ஏத்தணும்." அதட்டாத குறைதான். பெரியதே வாங்கித் தொலைத்தேன். உள்ளே பூசைக்குக் கூட்டம், பெஞ்சில் இடம் இல்லை, ஒருவர் மூன்று பேருக்குத் துண்டு போட்டு வைத்திருந்தார்.

குழந்தை இயேசு சுரூபத்தைப் பார்த்தபோது சின்ன வயதில் உபதேசியார் சொன்ன கதை ஞாபகம் வந்தது. ஐரோப்பாவில் பிராகா நகரத்து மூலச் சுரூபம் ஒன்றரை அடிதான். பொலிக்சேனா என்கிற சீமாட்டிக்கு அவருடைய அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்தது, அதை அவர் 1628-ல் கார்மெல் துறவிகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மூணே வருஷத்தில் சாக்சனிப் படை புகுந்து, சுரூபம் கை உடைந்து பீடத்துக்குப் பின்னால் குப்பையோடு கிடந்தது. 1637-ல் சிரில் என்ற துறவி தேடி எடுக்கிற வரைக்கும் கையில்லாத குழந்தை. அந்தக் கதையில் எனக்கு எப்போதும் பிடித்த இடம் அதுதான்.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசையில் போனேன். ஒரு கையில் அந்தப் பெரிய மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் வேர்வையில் நனைந்த காணிக்கைக் கவர். ஃபாதர் நற்கருணையைத் தூக்கிப் பிடித்து "கிறிஸ்துவின் உடல்" என்கிறார், கை நீட்டப் போனால் இரண்டு கையும் காலியில்லை. கவரை எங்கே வைப்பது? பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். ஃபாதர் அவசரப்படவில்லை, அப்படியே நின்றார். நான் வாயைத் திறந்தேன். சின்ன வயதுக்கு அப்புறம் நாக்கில் வாங்கியதே இல்லை.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிதான். இரண்டு மணிக்கு ஒரு தடவை இரண்டு மில்லி தாய்ப்பால். மூக்கில் குழாய். நர்ஸ் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார், அழுத்தமாட்டார், பால் தானாக மெல்ல இறங்கும். என் மகளுக்கு உறிஞ்சத் தெரியாது, கையை விரிக்கத் தெரியாது, வேண்டும் என்று கேட்கத் தெரியாது. இறங்கிக்கொண்டே இருந்தது. அப்பா இயேசுவே, அவள் எதற்குக் கூலியாக அதை வாங்கினாள்? நான் எதை நடந்து தீர்க்க வந்தேன்? பீடத்துக்கு முன்னால் அழுதேன், கொப்புளத்துக்கு அழுகிறேன் என்று நினைத்து ஒரு பாட்டி தண்ணீர் பாட்டில் கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் ஆண்டவரே, வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

பூசை முடிந்து உண்டியல் பக்கம் போனால் கவர் கிழிந்திருந்தது. ஆயிரம் ரூபாய் இருக்கிறது, ஒரு ரூபாய்க் காசு கீழே விழுந்து மகள் கைக்குப் போய்விட்டது. கேட்டால் தரமாட்டேன் என்று இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மா கடுமையாகப் பேசுவார் என்று நினைத்தேன். "விடு, அவகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆயிரத்தை மட்டும் உள்ளே தள்ளினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம். மேல் வளைவுகள் வந்ததும் காப்பிப் பூ வாசம் உள்ளே வந்தது. முன் சீட்டில் மச்சினன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா என் காதுகிட்டக் குனிந்து, "இவனுக்கு ஒரு நல்ல பொண்ணு அமையட்டும்னு வேண்டிட்டு வந்திருக்கேன்" என்றார்.

"சரி, நல்லதுதானேம்மா."

"அமைஞ்சா நீங்க ரெண்டு பேரும் மறுபடி நடந்து வர்றதாச் சொல்லியிருக்கேன்."