இரண்டு கணினிகள், ஒரே மேக் முகவரி

நான் பராமரித்து வரும் சிறிய கணக்கு அலுவலகத்தில் இரண்டு மெய்நிகர் கணினிகள் (உண்மைக் கணினிக்குள் மென்பொருளாக இயங்குபவை) ஒரு வாரம் முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றில் கோப்பைச் சேமித்துக்கொண்டிருப்பவருக்கு இணைப்பு அறுந்துபோகும். சற்று நேரத்தில் மற்றதில் காத்திருந்தவருக்கு வேலை ஓடத் தொடங்கும். கேபிளை மாற்றினேன், கணினிகளை இணைக்கும் சுவிட்சில் வேறு போர்ட்டில் (செருகுவாயில்) செருகிப் பார்த்தேன், பயனில்லை. வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளை 192.168.1.21, 192.168.1.22 என்று நானே அமைத்திருந்ததால் அங்கே மோதலுக்கு வழியில்லை.

மூன்றாவது கணினியிலிருந்து இரண்டையும் பிங் செய்துவிட்டு (பதில் தருகின்றனவா என்று சோதித்துவிட்டு), எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்) என்று காட்டும் ஏஆர்பி அட்டவணையைத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு ஐபி முகவரிகளுக்கும் நேரே 08-00-27-53-91-46 என்ற ஒரே மேக் முகவரி இருந்தது.

மேக் முகவரி என்பது 48 பிட் நீளமுள்ளது. பதினாறடிமான எண்முறையில் 12 இலக்கங்களாக எழுதப்படுவது. அதன் முதல் பாதியை வழக்கமாக, தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்குகிறது. மறுபாதியைத் தயாரிப்பாளர் அட்டைக்கு அட்டை மாற்றி இடுகிறார். மெய்நிகர் கணினிக்கோ அட்டையே கிடையாது. அதை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் 08-00-27 என்று தொடங்கும் ஒரு முகவரியை உருவாக்கி, அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. நான் முதல் மெய்நிகர் கணினியின் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் எடுத்துச் சென்று இன்னொரு கணினியில் இயக்கியிருந்தேன். முகவரியும் கூடவே போய்விட்டது.

இணைப்பு மாறி மாறி அறுந்ததற்கும் அப்போது காரணம் விளங்கியது. சுவிட்ச் ஐபி முகவரியைப் பார்ப்பதில்லை. எந்த மேக் முகவரியிலிருந்து எந்த போர்ட் வழியாகக் கடைசியாகத் தரவு வந்ததோ, அந்த முகவரிக்கான தரவையெல்லாம் அந்த போர்ட்டுக்கே அனுப்புகிறது. ஆகவே கடைசியாகப் பேசியவருக்கே எல்லாமும் போய்ச் சேர்ந்தன. கேபிளைச் சந்தேகித்து நான் வீணாக்கிய நாட்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அந்த அட்டவணையைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது மெய்நிகர் கணினியை நிறுத்தி, வலையமைப்பு அமைப்பில் மேக் முகவரிக்கு அருகிலுள்ள பொத்தானை அழுத்திப் புதிய முகவரி பெற்றேன். பிறகு மற்ற கணினிகளின் ஏஆர்பி அட்டவணைகளைத் துடைத்துவிட்டு, மாலை வரை இரண்டுக்கும் பிங் ஓடவிட்டேன். ஒரு பதிலும் தவறவில்லை.