பழைய தாய்ப்பலகையின் பயாஸைத் திருத்தி எழுதிய அனுபவம்

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2012-இல் வாங்கியது. இன்டெல் பி75 சிப்செட் உள்ள தாய்ப்பலகை, ஐ5-3470 செயலி, பிற்பாடு சேர்த்த 16 ஜிபி நினைவகம், டெபியன் லினக்ஸ் ஆகியவற்றுடன் என் கணக்கு வேலைகளுக்கும் மகளின் பாடங்களுக்கும் இன்றளவும் அது போதுமானதாகவே இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் காலியாகக் கிடந்த பெரிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஓர் அடாப்டரைச் செருகி, அதில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியை, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவே தரவைக் கடத்தும் வேகமான வட்டை, பொருத்தியிருந்தேன். இந்தச் செயலியின் ஸ்லாட் மூன்றாம் தலைமுறை வேகத்தைத் தருவது. நான்கு லேன்களில் (தரவுப் பாதைகளில்) நொடிக்கு ஏறத்தாழ 3.9 ஜிபி வரை இடம் உண்டு. வட்டுகளுக்கான வழக்கமான சாட்டா இணைப்பின் வழியில் 550 எம்பி அளவிலேயே நின்றுவிடும் வேகத்தோடு ஒப்பிட்டால், பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறு எந்தச் செலவாலும் செய்துவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அந்த எஸ்எஸ்டியிலிருந்து நேரடியாகக் கணினியைத் தொடங்க முடியவில்லை. லினக்ஸின் மையநிரலான கெர்னலில், வட்டை இயக்கத் தேவையான என்விஎம்இ டிரைவர் 3.3 பதிப்பிலேயே, அதாவது 2012 முதலே, இருக்கிறது. கெர்னல் எழுந்த பிறகு வட்டு நன்றாகத் தெரியும். அந்தக் கெர்னலை எடுத்துத் தர வேண்டிய, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலுக்குத்தான் அப்படி ஒரு வட்டு இருப்பதே தெரியாது. என்விஎம்இ விவரக்குறிப்பின் முதல் பதிப்பு 2011-இல் வந்தாலும், வீட்டுக் கணினிகளுக்கான வட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்தது 2015 வாக்கில்தான் என்பதால், 2012-இன் பயாஸில் அதற்கான டிரைவர் இல்லாததில் வியப்பில்லை. ஆகவே கணினி தொடங்குவதற்கு வேண்டிய கோப்புகள் உள்ள பூட் பகுதியைப் பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க்கிலும், மற்ற அனைத்தையும் எஸ்எஸ்டியிலும் வைத்துச் சமாளித்து வந்தேன். ஒரு நாள் காலை அந்த ஹார்ட் டிஸ்க் செயலிழந்தது. இயங்குதளம், கோப்புகள் அனைத்தும் எஸ்எஸ்டியில் பழுதின்றி இருந்தும் கணினி எழவில்லை.

அவசரத்துக்குப் பூட் பகுதியை ஒரு பென் டிரைவில் அமைத்துக்கொண்டேன். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அதுவே எளிய, ஆபத்தில்லாத வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது நிலைக்கவில்லை. ஏதாவது படி எடுக்க வேண்டுமென்று யாரேனும் அந்தப் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு போவார்கள், மறுநாள் கணினி எழாது. மூன்றாவது முறை அப்படி நடந்தபோதுதான், பயாஸுக்குள்ளேயே என்விஎம்இ டிரைவரைச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்குக் காரணம், அந்தக் காலத்துத் தாய்ப்பலகைகள் பலவற்றில் இருப்பது ஏஎம்ஐ நிறுவனத்தின் ஆப்டியோ 4 என்ற யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், அதாவது புதிய தலைமுறைப் பயாஸ், என்பதே. அது ஒரே கட்டியாக இருக்கும் நிரலன்று. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு டிரைவர்களைச் சுருக்கி அடுக்கி வைத்த தொகுப்பு. விசைப்பலகைக்கு ஒன்று, யுஎஸ்பிக்கு ஒன்று, சாட்டாவுக்கு ஒன்று என்று இருக்கும் அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. திறமூலத் திட்டமான டியானோகோரில் என்விஎம்இ டிரைவரின் மூலநிரல் இருப்பதால், அதிலிருந்து தொகுத்த கோப்பு எளிதாகக் கிடைக்கிறது. அளவும் சில பத்துக் கிலோபைட்டுகளுக்குள்தான். பழைய லெகசி முறையில் இயங்கும் பயாஸுக்கு இந்த வழி உதவாது; யுஇஎஃப்ஐ இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த கடைசிப் பதிப்பில் டிரைவரைச் சேர்த்து, பயாஸ் திரைக்குள்ளேயே இருக்கும் புதுப்பிக்கும் வசதியின் வழியாகக் கொடுத்துப் பார்த்தேன். கோப்பு ஏற்கத்தக்கதன்று என்று அது மறுத்துவிட்டது. கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே எழுதும் ஏற்பாடு அதில் இருந்தது. பாதுகாப்பின் பார்வையில் அது சரியான ஏற்பாடுதான். எனக்கு அது இன்னொரு வகையிலும் நன்மையாக முடிந்தது. இணையதளத்தில் தரப்படும் கோப்பு அந்த மாடலுக்குப் பொதுவானது. ஆனால் பலகையில் பயாஸ் பதிந்திருக்கும் சில்லிலோ வரிசை எண், கணினியின் அடையாள எண், சில பலகைகளில் நெட்வொர்க் முகவரி ஆகியவை அந்தந்தப் பலகைக்கென்று பதிந்திருக்கும். பொதுக்கோப்பை அப்படியே சில்லின் மேல் எழுதினால் அவை அழிந்துபோகக்கூடும். சில்லில் இருப்பதைப் படித்தெடுத்து, அந்தப் படியையே திருத்தி, திரும்ப அதிலேயே எழுதுவதுதான் முறை. அதற்குச் சில்லை வெளியிலிருந்து படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் என்ற சிறு கருவி வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் சிஎச்341ஏ சில்லை வைத்துச் செய்த கறுப்பு நிறப் புரோகிராமரும், எட்டுக் கால் சில்லைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் வாங்கினேன். இந்தக் கறுப்புப் பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் தாய்ப்பலகையில் இருந்தது விண்பாண்ட் நிறுவனத்தின் 25கியூ64 வகைச் சில்லு; 64 மெகாபிட், அதாவது 8 மெகாபைட் கொள்ளளவு. அது 2.7 முதல் 3.6 வோல்ட்டுக்குள் இயங்க வேண்டியது. கறுப்புப் புரோகிராமர் சில்லின் மின் காலுக்கு 3.3 வோல்ட்டைத்தான் கொடுக்கிறது. ஆனால் புரோகிராமரில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு 5 வோல்ட்டில் இயங்குமாறு பலகை வடிவமைக்கப்பட்டிருப்பதால், தரவுக் கால்களில் வருவது 5 வோல்ட். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 5 வோல்ட்டை ஒட்டிய அளவே காட்டியது. பலர் அப்படியே பயன்படுத்தி ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். ஆனால் பலகையிலேயே இருக்கும் சில்லைக் கிளிப்பால் பிடிக்கும்போது, அதே கம்பிகள் சிப்செட்டுக்கும் போகின்றன என்பதை நினைத்தால், அந்தத் துணிச்சலுக்கு எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் செல்பேசி பழுதுபார்க்கும் தம்பியிடம் கொண்டுபோய், கட்டுப்பாட்டுச் சில்லின் 28-ஆம் காலை மட்டும் பலகையிலிருந்து தூக்கி, 3.3 வோல்ட் முனையோடும் 9-ஆம் காலோடும் இணைத்துத் தரச் சொன்னேன். நுண்ணோக்கியின் கீழே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மறுபடி அளந்தபோது எல்லாக் கால்களும் 3.3 வோல்ட்டுக்குள் வந்திருந்தன. இப்போது மின்னழுத்தத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதியுள்ள வேறு புரோகிராமர்களும் கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் அவற்றையே பார்ப்பது நல்லது.

அடுத்தது படித்தல். என் அனுபவத்தில் இந்த முழு வேலையிலும் அதிக நேரமும் கவனமும் கேட்டது இந்தக் கட்டம்தான். மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி மிச்ச மின்னை வடித்து, பொத்தான் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கிளிப்பின் சிவப்புக் கம்பி சில்லில் புள்ளியிட்ட முதல் காலின் பக்கம் வருமாறு மாட்டினேன். மறுமுனையை மடிக்கணினியில் செருகி, ஃபிளாஷ்ரோம் என்ற நிரலை ஓட்டினேன். சில்லை அது உடனே அடையாளம் கண்டது. படித்து முடித்த கோப்பும் சரியாக 83,88,608 பைட்டுகள் இருந்தது. அதைக் கண்டு நிறைவடைந்திருந்தால் பெரும் பிழை செய்திருப்பேன். இரண்டாம் முறை படித்து, இரண்டு கோப்புகளின் ஷா256 மதிப்புகளை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்களை) ஒப்பிட்டபோது அவை வேறுவேறாக இருந்தன. மூன்றாவது முறை படித்தது முதல் இரண்டோடும் ஒத்துப்போகவில்லை.

கோப்பின் அளவு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கிளிப் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும், நிரல் 8 மெகாபைட்டையும் ஏதோ ஒன்றால் நிரப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஒருமுறை மட்டும் படித்துவிட்டு அதையே பேக்கப் என்று எடுத்து வைத்துக்கொள்பவரிடம் உண்மையில் பேக்கப் எதுவும் இல்லை. நான் சில்லின் கால்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு துடைத்தேன். பதின்மூன்று ஆண்டுத் தூசியும் பிசுக்கும் வந்தன. புரோகிராமரோடு வந்த நீளமான யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியை விலக்கி நேரடியாக மடிக்கணினியில் செருகினேன். கிளிப்பை மேலிருந்து நேர்ச்செங்குத்தாக அழுத்தி மாட்டினேன். அதன் பிறகு தொடர்ந்து மூன்று முறை படித்ததில் மூன்று மதிப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வந்தன. அந்தக் கோப்பை, பயாஸைப் பிரித்துக் காட்டும் யுஇஎஃப்ஐடூல் நிரலில் திறந்தபோது, தொடக்கத்தில் சில்லின் இடப்பகிர்வைச் சொல்லும் இன்டெலின் விவரப் பகுதி, அடுத்து சிப்செட்டுக்குள் தனியே இயங்கும் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கான பகுதி, பின்னர் பயாஸ் பகுதி என்று வரிசை குலையாமல் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான், இனி எழுதத் துணியலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. அந்தக் கோப்பை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தேன்.

டிரைவரைச் சேர்ப்பதற்கு யுஇஎஃப்ஐடூலின் பழைய வரிசைப் பதிப்பு ஒன்றைப் பயன்படுத்தினேன். புதிய வரிசைப் பதிப்புகள் பிரித்துப் பார்க்க மட்டுமே உதவும், திருத்த விடா. கணினி எழும் கட்டத்தில் ஓடும், டிஎக்ஸ்இ எனப்படும் டிரைவர்கள் அடுக்கியிருக்கும் தொகுதியைத் தேடிக் கண்டுபிடித்து, கடைசி டிரைவருக்கு அடுத்ததாக என்விஎம்இ கோப்பைச் செருகிச் சேமித்தேன். எந்த டிரைவர் முதலில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது அவை ஒன்றையொன்று சார்ந்திருக்கும் முறையே தவிர, அடுக்கில் இருக்கும் இடமன்று. ஆகவே கடைசியில் வைப்பதால் குறை எதுவும் இல்லை. செயலியின் உள்நிரலான மைக்ரோகோடையும் இதோடு புதுப்பித்துவிடலாமே என்று ஓர் ஆசை எழுந்தது. லினக்ஸ் அதை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானே ஏற்றிக்கொள்கிறது. தவிர, ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால், தவறு நேரும்போது எதனால் நேர்ந்தது என்று பிரித்தறிய முடியாது. அதனால் விட்டுவிட்டேன்.

மடிக்கணினியின் பேட்டரி நிறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். மின்வெட்டு வந்தாலும் பாதியில் நிற்காது. அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல் மூன்றும் சில நிமிடங்களில் முடிந்தன. சரிபார்ப்பும் வெற்றி என்று வந்தது. கிளிப்பைக் கழற்றி, பேட்டரியைப் பொருத்தி, கணினியை இயக்கினேன். மின்விசிறி சுழன்றது, சில நொடிகளில் நின்றது, மறுபடி சுழன்றது, மறுபடி நின்றது. திரையில் ஒன்றுமே வரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தும் அதே நிலைதான். அந்த நேரத்தில் என்னைப் பதற்றமின்றி வைத்திருந்தது ஒத்துப்போன அந்த மூன்று படிகள்தான். மறுபடி கிளிப்பை மாட்டிப் பழைய கோப்பையே எழுதினேன். கணினி முன்பு போலவே எழுந்தது.

சில்லில் எழுதியது சரியாகவே பதிந்திருந்தது. ஆகவே எழுதப்பட்ட கோப்பில்தான் குறை இருக்க வேண்டும். மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் இரண்டு சாளரங்களில் அருகருகே திறந்து வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். மூலத்தில் இடத்தை நிரப்புவதற்காக இருந்த ஒரு வெற்றுக் கோப்பு, பேட் ஃபைல் என்பார்கள், திருத்திய கோப்பில் காணவில்லை. தொகுதியை மறுபடி கட்டும்போது யுஇஎஃப்ஐடூல் அதை நீக்கியிருந்தது. சில வகைப் பயாஸ்களில் இப்படி நேர்வது உண்டு. அப்போது உள்ளே இருப்பவற்றின் இடம் நகர்ந்து, குறித்த முகவரியில் தேடும் நிரலுக்கு அவை கிடைக்காமல் போகும். சேமித்த உடனேயே இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க வேண்டும். இந்த வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்களிடம் நான் வலியுறுத்திக் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: சேமித்த கோப்பை மறுபடி திறந்து, புதிதாக ஒரு டிரைவர் வந்திருப்பதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்று கண்ணால் பார்க்காமல் கிளிப்பைத் தொடாதீர்கள்.

ஆப்டியோ 4-க்கென்றே ஏஎம்ஐ உருவாக்கிய எம்எம்டூல் என்ற கருவியின் 4.50 பதிப்பைக் கொண்டு அதே டிரைவரை அதே தொகுதியில் சேர்த்தேன். இம்முறை பேட் ஃபைல் இருந்த இடத்திலேயே இருந்தது. மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியும் விவரப் பகுதியும் மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே இருந்தன. எழுதி, சரிபார்த்து, இயக்கினேன். இரண்டு முறை நின்று எழுந்த பிறகு பயாஸ் திரை வந்தது. அமைப்புகள் அனைத்தும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தன; தேதியைச் சரிசெய்து, லெகசி ஆதரவை அணைத்து, யுஇஎஃப்ஐ முறையை மட்டும் வைத்தேன். பூட் பட்டியலில் பாடா (பழைய வகை வட்டு இணைப்பின் பெயர்) என்ற பெயரில் ஒரு வட்டு தோன்றியது. என்விஎம்இ வட்டுக்குரிய பெயர் அந்தப் பழைய மெனுவிடம் இல்லாததால் அது இப்படிக் காட்டும். வேறெதையோ காட்டுகிறது என்று எண்ணிப் பிழையாகக் கருத வேண்டாம்.

பென் டிரைவில் இருந்த, பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பகுதியை எஸ்எஸ்டிக்கு மாற்றி, லினக்ஸைத் தொடக்கி வைக்கும் கிரப் என்ற நிரலை மறுபடி நிறுவிய பின், பட்டியலில் டெபியன் என்ற பெயரே வந்துவிட்டது. பென் டிரைவைக் கழற்றிவிட்டு இயக்கினேன். கணினி நேராக எஸ்எஸ்டியிலிருந்து எழுந்தது. நெட்வொர்க் முகவரியும் வரிசை எண்ணும் முன்பு குறித்து வைத்திருந்தவையோடு ஒத்திருந்தன. இதெல்லாம் முடிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அவற்றில் முதலாவது முழுவதும் படித்தெடுப்பதிலேயே சென்றது.

நிறுவனத்தின் பயாஸ் கோப்பைக் கொண்டு யாரேனும் இனிப் புதுப்பித்தால், சேர்த்த டிரைவர் அழிந்து, எஸ்எஸ்டி மறுபடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பிற்பாடு வேறொருவர் இந்தக் கணினியைத் திறக்க நேரலாம் என்பதால், அந்தச் செய்தியையும், மூலக் கோப்பு, திருத்திய கோப்பு இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதையும், அவற்றின் ஷா256 மதிப்புகளையும் ஒரு தாளில் எழுதி, கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.