திக்கத்திலிருந்து டஃப்டவுனுக்கு

அபர்டீனுக்கு வந்த புதிதில், மழை நிற்கட்டும் என்று ஒவ்வொரு பயணத்தையும் தள்ளிப்போட்டு, இரண்டு வருசம் எங்கேயும் போகாமல் இருந்தவன் நான். இங்கத்தைய சனம் வானத்தை ஒருக்கால் பார்த்து 'டிரீக்' என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கும். இருண்டு, நசநசத்து, விட மாட்டேன் என்று தூறுகிற நாளுக்கு ஸ்கொட்லாந்துக்காரர் வைத்திருக்கிற சொல் அது. போன மாதம் யாழ்ப்பாணத்து அல்வாயிலிருந்து மாமா வந்து நின்றபோதும் அதே டிரீக்தான். நான் யன்னலடியில் இழுபட, "மாரி எண்டு ஊரில ஆரும் வீட்டுக்குள்ளயே கிடந்தவையே? காரை எடு" என்றார்.

ஒன்றரை மணி நேர ஓட்டம். டஃப்டவுனுக்குள் நுழைந்ததும் மாமா கண்ணாடியை இறக்கி மூக்கை மழைக்குள் நீட்டினார்.

"டேய், திக்கத்து மணமடா!"

திக்கம் வடிசாலை மாமா வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அங்கே பனங்கள்ளை வடித்துச் சாராயம் எடுப்பார்கள். இங்கே பார்லி. முளைக்க வைத்து, காயவைத்து, அரைத்து, சுடுதண்ணீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். நாங்கள் போனது கிளென்ஃபிடிக் என்கிற விஸ்கி வடிசாலை. வில்லியம் கிராண்ட் என்பவர் தன் ஒன்பது பிள்ளைகளின் கையுதவியோடு கட்டி, 1887 நத்தார் தினத்தன்று முதல் சொட்டை இறக்கிய இடம்.

புளிக்கிற மரத்தொட்டி ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கிணறு மாதிரி. வழிகாட்டிப் பிள்ளை மூடியைத் தூக்கி, மெல்ல மணந்து பாருங்கள் என்றது. மெல்ல என்பதை நான் மொழிபெயர்க்க முதலே மாமா தலையைக் கொடுத்துவிட்டார். கரியமில வாயு மூக்கில் ஊசி மாதிரி ஏற, கண்ணீரோடு நிமிர்ந்து, "கள்ளு முட்டிக்குள்ள இவ்வளவு கோபம் இல்லை" என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நல்ல மணமாம் என்று சொல்லி வைத்தேன்.

பீப்பாய்க் கிடங்கில் குளிர் முழங்காலைப் பிடித்தது. ஸ்கொட்ச் என்று பெயர் வைக்க ஓக் பீப்பாயில், இந்த நாட்டுக்குள்ளேயே, குறைந்தது 3 வருசம் கிடக்க வேண்டும். கிடக்கிற காலத்தில் வருசத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்களவு ஆவியாகிவிடும். அதற்குத் தேவதூதர் பங்கு என்று பெயர். "எங்கட முனியப்பருக்கு ஒரு போத்தல் போதும்" என்றார் மாமா. வெளியே சுவரும் மரமும் கரி பூசினது மாதிரிக் கறுத்திருந்தன. அந்த ஆவியைத் தின்று வளர்கிற பூஞ்சணம் அது. மாமா விரலால் தேய்த்துப் பார்த்து, என் கைலேஞ்சியில் துடைத்தார்.

கடைசியில் எல்லோருக்கும் கிளாஸ் வந்தது. எனக்கு வீட்டுக்குக் கொண்டுபோகச் சின்னப் போத்தல். 2014 டிசம்பரிலிருந்து ஸ்கொட்லாந்தில் சாரதிக்கான மது வரம்பு இங்கிலாந்தை விடக் கடுமை. மாமா என் பங்கையும் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

அங்கிருந்து எல்ஜின் என்கிற ஊருக்கு அரை மணி நேரம். 1224 இல் தொடங்கின பேராலயம். 'வடக்கின் விளக்கு' என்று பெயரெடுத்தது. இப்போது கூரை இல்லை. நடுவில் நின்றால் நேரே தலையில் மழை. 1390 இல் மன்னரின் தம்பி அலெக்சாண்டர் ஸ்டுவர்ட், 'பேடனொக் ஓநாய்' என்று பட்டம் பெற்றவன், மனைவியைக் கைவிட்டதற்காகத் தன்னைச் சபையிலிருந்து விலக்கிய ஆயரைப் பழிவாங்க ஊரையும் ஆலயத்தையும் கொளுத்தினான். நாட்டின் புத்தகங்களும் சாசனங்களும் எரிந்துபோயின என்று ஆயர் மன்னருக்கு முறையிட்டிருக்கிறார்.

நான் கதை சொல்லுகிற வேகத்தில் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். புத்தகம் என்றதும் மாமா நின்றுவிட்டார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவர் பள்ளிக்கூடப் பெடியன். குடை சரிந்து ஒரு பக்கத் தோள் நனைவதைக் கவனிக்கவில்லை.

"எரிச்சவனுக்கு என்ன நடந்தது?"

"பாவமன்னிப்புக் கேட்டவன் மாமா. சபையும் திருப்பிச் சேர்த்தது. டன்கெல்ட் எண்ட இடத்தில இன்னொரு பேராலயத்துக்குள்ளதான் அவன்ர கல்லறை. கவசத்தோட சிலையாக் கிடக்கிறான்."

மாமா கொஞ்ச நேரம் அந்த வெறும் யன்னல் வளைவுகளைப் பார்த்தார்.

"கேட்டானே" என்றார். பிறகு, "ஹீற்றரைப் போடடா, குளிருது" என்று கார்ப் பக்கம் நடந்தார்.