இரு போர்களுக்கு இடையே அமெரிக்கா: நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாறு மாதிரித் தேர்வில் 1919 முதல் 1939 வரையிலான அமெரிக்க வெளியுறவுக் கொள்கையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் 'தனிமைக் கொள்கை' என்ற சொல்தான். பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "ஒதுங்கியே இருந்தது என்றால் டாவ்ஸ் திட்டம் எங்கிருந்து வந்தது?" முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் இழப்பீட்டுத் தவணைகளைச் சீராக்க 1924-இல் அமெரிக்கர் தலைமையில் வந்த ஏற்பாடுதான் டாவ்ஸ் திட்டம். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பாடத்தை ஒழுங்காகப் படித்தேன்.

முதலில் பணம் போன வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1924-க்குப் பின் அமெரிக்க வங்கிகளின் கடன் ஜெர்மனிக்குப் போகிறது. ஜெர்மனி பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இழப்பீடு கட்டுகிறது. அவர்கள் அமெரிக்காவுக்குப் போர்க்கடனை அடைக்கிறார்கள். நோட்டில் இதை ஒரு முக்கோணமாக வரைந்து வைத்தேன். 1929 சரிவில் ஒரு பக்கம் அறுந்ததும் மற்ற இரண்டும் ஏன் தள்ளாடின, 1931-இல் அதிபர் ஹூவர் ஏன் இந்தத் தவணைகளை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கச் சொன்னார் என்பதெல்லாம் தானாகப் புரிந்தது.

அடுத்து செனட் வாக்கெடுப்பு. ஜெர்மனியுடனான போரை முடித்து, உலக நாடுகளின் சங்கத்தையும் (League of Nations) உருவாக்கியது வெர்சாய் உடன்படிக்கை. 'செனட் வெர்சாய் உடன்படிக்கையை நிராகரித்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 1920 மார்ச் 19 அன்று, குடியரசுக் கட்சி செனட்டர் லாட்ஜின் நிபந்தனைகளோடு வந்த உடன்படிக்கைக்கு ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஒப்புதலுக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு 7 வாக்குதான் குறைவு. எதிர்த்தவர்களில் பாதிக்கு மேல் அதிபர் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். நிபந்தனைகளை ஏற்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. அந்தச் சங்கத்துக்காக உடல்நலத்தையே இழந்தவர் அவர்.

வாஷிங்டன் மாநாட்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானுக்கு வகுத்த 5:5:3 என்ற போர்க்கப்பல் விகிதமும், போரைச் சட்டவிரோதமாக்கிய 1928 கெல்லாக்-பிரியாண்ட் ஒப்பந்தமும் எளிதில் நினைவில் நிற்கும்.

குழப்புவது, பிற நாட்டுப் போர்களில் சிக்காமல் இருக்க அமெரிக்கா போட்ட நடுநிலைச் சட்டங்கள்தான். ஒவ்வோர் ஆண்டும் என்ன மாறியது என்று மட்டும் பாருங்கள். 1935-இல் போரிடும் நாடுகளுக்கு ஆயுத விற்பனைத் தடை. 1936-இல் கடனுக்கும் தடை. 1937-இல் மற்ற சரக்குகளை ரொக்கம் கொடுத்துத் தங்கள் கப்பலிலேயே ஏற்றிச் செல்லலாம். 1939 நவம்பரில் ஆயுதத்துக்கும் அதே விதி, தடை போய்விட்டது. கடல்வழி பிரிட்டன் கையில் இருந்ததால் பலன் யாருக்கு என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்வியில் அமெரிக்கா 'எந்த அளவுக்கு' ஒதுங்கியிருந்தது என்று இருந்தால், முக்கோணத்தையும் இந்தச் சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்து எழுதுங்கள். பருவத் தேர்வில் நான் அப்படித்தான் எழுதினேன்.