கால் பங்கு விமானம்

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு விமானம் வைத்திருக்கிறோம். 1976-இல் தயாரான செஸ்னா 172. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, 150 குதிரைத்திறன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் உருவானது, இப்போது நிற்பதும் அங்கிருந்து அதிக தூரமில்லாத ஒரு சின்ன நகராட்சி விமானதளத்தில்தான். மற்ற மூவரில் ஒருவர் கோதுமை விவசாயி, ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஒருவர் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ்.

மதுரையில் இருக்கும் சித்தப்பா ஃபோனில் கேட்டார்: "ஏன்டா, சொந்தமா விமானம் வாங்குற அளவுக்கு ஆயிட்டியா? ஆடம்பரம் இல்லையா இது?" தொழிலதிபர்கள் வந்து இறங்கும் ஜெட்தான் அவர் மனதில் இருந்திருக்கும். ஆனாலும் கேள்வி நியாயமானது. கணக்கைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

என் பங்குக்கு நான் கொடுத்தது 22,000 டாலர். இங்கே ஒரு புது பிக்கப் டிரக்கின் விலையில் பாதிகூட இல்லை. விமானத்தை நிறுத்திவைக்க, இன்ஷூரன்ஸுக்கு, வருடாந்திரச் சோதனைக்கு என்று ஆண்டுக்கு 6,000 டாலருக்குச் சற்று மேல் ஆகிறது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் இதைக் கட்டியே ஆகவேண்டும். நான்காகப் பிரித்தால் தலைக்கு 1,500 சொச்சம். பறக்கும்போது மணிக்கு எட்டு கேலன் பெட்ரோல். அப்புறம் 2,000 மணி நேரத்தில் எஞ்சினை முழுவதும் பிரித்துச் சீர்செய்ய வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அதற்காக மணிக்கு 20 டாலர் தனியே எடுத்துவைக்கிறோம். இரண்டும் சேர்ந்து மணிக்கு 70 டாலர் போல வருகிறது.

ஒரு வருடம் சோதனையில் ஒரு சிலிண்டரின் அழுத்தம் குறைவாக இருந்தது. மாற்றியதில் கூடுதலாக 3,000 டாலர் பில். நான்கு பேர் என்பதால் தாங்க முடிந்தது.

இதே விமானத்தை ஒருவரே வாங்கி, வருடத்துக்கு முப்பது மணி நேரம் மட்டும் ஓட்டினால் என்ன ஆகும்? நிலையான செலவு மட்டுமே மணிக்கு 200 டாலரைத் தாண்டிவிடும். பெரும்பாலான இடங்களில் வாடகைக்கு எடுத்தாலே அதைவிடக் குறைவு. அதை நான் தயங்காமல் ஆடம்பரம் என்பேன். எங்கள் விமானதளத்திலேயே டயரில் காற்றிறங்கி, இறக்கையில் குருவிக்கூடு கட்டி நிற்கும் விமானங்கள் உண்டு. பறக்காமல் நின்றால் எஞ்சினுக்குள் துருப்பிடிக்கும். அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

புதிதாக வாங்குவதென்றால் பேச்சே வேறு. வழக்குகளும் இழப்பீடுகளும் பெருகியதால் செஸ்னா 1986-இல் சிறு விமானங்கள் தயாரிப்பதையே நிறுத்தியது. பழைய விமானங்களுக்கு உற்பத்தியாளரின் பொறுப்பை 18 ஆண்டுகளோடு முடித்துவைக்கும் சட்டம் 1994-இல் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. இன்று புது 172-இன் விலை நான்கு லட்சம் டாலருக்கும் மேல். எங்களைப் போன்றவர்கள் ஐம்பது வயது விமானத்தைப் பார்த்துப் பார்த்துப் பராமரிப்பது அதனால்தான்.

இதனால் பயண நேரம் மிச்சம் என்று நான் வாதாட மாட்டேன். மேகம் தாழ்ந்தால், இடி மின்னல் வந்தால் வீட்டில்தான் இருக்கவேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய வேலைக்குக் காரில்தான் போகிறேன். பறப்பது ஆசைக்காக. ஏப்ரலில் ஃபிளின்ட் ஹில்ஸ் புல்வெளிகளுக்குப் பண்ணைக்காரர்கள் தீ வைப்பார்கள், புதுப்புல் முளைக்க. புகையிலிருந்து நன்றாக விலகி, காற்று வரும் பக்கமாக 3,000 அடியில் போனால், கருகிய நிலத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடாகத் தீ நகர்வது தெரியும். அதைப் பார்க்க நான் செலவழிப்பது என் காசு. அதற்காக யாரிடமும் கூச்சப்படவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. நாங்கள் ஊற்றும் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. கார்களிலிருந்து ஈயம் எப்போதோ போய்விட்டது. அமெரிக்கக் காற்றில் இன்று கலக்கும் ஈயத்தில் பெரும்பங்கு எங்களைப் போன்ற சிறு விமானங்களிலிருந்து வருவதுதான். அது மக்களின் உடல்நலத்துக்குக் கேடு என்று 2023 அக்டோபரில் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பே முறைப்படி அறிவித்தது. என் பொழுதுபோக்கின் செலவில் ஒரு பகுதியை ஓடுபாதைக்குப் பக்கத்தில் வளரும் குழந்தைகள் சுமக்கிறார்கள் என்றால், என் வங்கிக் கணக்கு எவ்வளவு சிக்கனமாக இருந்து என்ன பயன்?

இத்தனைக்கும் எங்கள் எஞ்சினுக்கு அந்த ஈயம் தேவையே இல்லை. ஈயம் சேர்ப்பது பெட்ரோலின் ஆக்டேன் அளவை உயர்த்தத்தான். 1976 மாடலின் எஞ்சினோ வெறும் 80 ஆக்டேனுக்காக வடிவமைக்கப்பட்டது. அனுமதிப் பத்திரம் வாங்கிவிட்டால் ஈயமில்லாத யுஎல்94 பெட்ரோலில் ஓட்டலாம். எங்கள் விமானதளத்தில் அது கிடைப்பதில்லை, அவ்வளவுதான். ஒரே டேங்க், அதில் 100எல்எல். இரண்டாவதாக ஒரு சிறு டேங்க் வைக்கும்படி நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. குருவிக்கூடு விமானங்களின் உரிமையாளர்களையும் இப்போது ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.